இருவர்க்கு ஒரு சிறு கார்

காலை ஒன்பது மணி அளவில், திருவனந்தபுரத்தில் கரமனைப் பாலத்தைக் கடந்து நகருக்குள் விரையும் மோட்டார் கார்களைச் சற்றே உற்று நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். நால்வருக்கும் ஐவருக்கும் என்று செய்யப்பட்ட அவ்வண்டிகளுள் பலவற்றில் ஓட்டுபவர் ஒருவரே அமர்ந்திருப்பார். சிலவற்றில் இருவர் இருப்பர். அறுபது எழுபது கிலோ எடையுள்ள ஒரு மனிதரை அலுவலகம் சேர்ப்பதற்காக ஆயிரம் கிலோ இரும்பு நாள்தோறும் போய் வருகிறது. தம்பானூரிலும் பாளையத்திலும் தலைமைச் செயலகத்தின் முன்னரும் அந்த இரும்புக்கு நிற்க இடம் இல்லாமற் போவதில் வியப்பொன்றும் இல்லை.

இருவர் மட்டும் அமரக்கூடிய சின்னஞ்சிறு கார் ஒன்று இருந்தால் போதுமே என்னும் எண்ணம் நமக்கு எழுவது இயல்பு. அவ்வெண்ணம் புதியதும் அன்று. நூறாண்டுகளாக உலகின் பல நாடுகளில் அதை மெய்யாக்க முயன்றிருக்கிறார்கள். நம் நாட்டிலும் முயற்சிகள் நடந்தன. நாம் வாழும் இந்தக் கேரள மண்ணிலேயே நடந்தன. ஆயினும் அந்தச் சிறு கார் நம் தெருக்களில் நிலைபெறவில்லை. ஏன் நிலைபெறவில்லை என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில், இந்நகரத்துத் தமிழராகிய நமக்கு வண்டி என்பது எதற்காக வேண்டியிருக்கிறது என்று காண்போம். திருவிதாங்கூரின் தலைநகராக இது விளங்கிய நாள் தொட்டே வலியசாலையிலும் கரமனையிலும் நம்மவர் குடியிருப்புகள் உண்டு. சாலைக் கம்போளத்தின் வாணிகத்தில் தமிழ் வணிகர்க்குப் பெரும்பங்கு உண்டு. அந்நாளில் அலுவலுக்குச் செல்வோர் நடந்தே சென்றனர். வசதி உடையோர் குதிரை வண்டியை நாடினர். 1938-ஆம் ஆண்டு பிப்ரவரி 20-ஆம் நாள் சித்திரைத் திருநாள் மகாராஜாவின் ஆட்சியில் அரசுப் போக்குவரத்துத் துறை தன் முதல் பஸ்ஸைக் கவடியாருக்கு ஓட்டியது. லண்டன் மாநகரப் போக்குவரத்தில் அனுபவம் பெற்ற சால்ட்டர் என்னும் ஆங்கிலேயர் அதன் தலைமைப் பொறுப்பை ஏற்றிருந்தார். வண்டிகளின் அடிச்சட்டம் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்தது. மேற்கூடு இந்நகரிலேயே கட்டப்பட்டது. மோட்டார் வண்டிக்கு உடல் அமைக்கும் தொழிலறிவு இவ்வூரில் அன்றே வேரூன்றிவிட்டது என்பதை இங்கே நினைவிற் கொள்வோமாக.

பின்னர் 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் வந்தது. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் கன்னியாகுமரி மாவட்டமாகிச் சென்னை மாநிலத்துடன் சேர்ந்தன. நாகர்கோவிலில் பிறந்து திருவனந்தபுரத்தில் பணியாற்றியவர்கள், வீட்டை மாற்றாமலும் வேலையை மாற்றாமலும் ஒரே இரவில் பிற மாநிலத்தார் ஆயினர். அன்றுமுதல் நம் குடும்பங்களில் பயணம் என்பது இரு வகையாயிற்று. ஒன்று, அன்றாடம் அலுவலகம் போய் வருவது. மற்றொன்று, பொங்கலுக்கும் கொடை விழாவுக்கும் கல்யாணத்துக்கும் எல்லை கடந்து சொந்த ஊர் போவது. முன்னதற்கு ஓர் ஆள். பின்னதற்குப் பாட்டி முதல் பேரன் வரை அனைவரும், அவர்களோடு பலகாரத் தூக்கும். இவ்விரு பயணங்களையும் மனத்தில் இருத்திக்கொண்டு சிறு காரின் வரலாற்றுக்குள் நுழைவோம்.

மேலை நாடுகளில் சிறு காரின் கதை பஞ்ச காலத்தோடு பிணைந்தது. முதல் உலகப் போருக்குப் பின், 1922-இல், இங்கிலாந்தில் ஆஸ்டின் நிறுவனம் 'ஆஸ்டின் செவன்' என்னும் வண்டியை வெளியிட்டது. 'பேபி ஆஸ்டின்' என்று மக்கள் அதனைச் செல்லமாக அழைத்தனர். 1936-இல் இத்தாலியின் பியட் நிறுவனம், தாந்தே ஜியகோசா என்ற பொறியாளரின் கைவண்ணத்தில், இருவர் அமரும் '500' என்னும் காரை விற்பனைக்குக் கொணர்ந்தது. அதன் எஞ்சினின் கொள்ளளவு 569 கன சென்டிமீட்டர். 'டொப்பொலினோ', அதாவது சுண்டெலி, என்பது அதற்கு மக்கள் இட்ட பெயர்.

இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் ஐரோப்பாவில் பெட்ரோலும் அரிதாயிருந்தது, பணமும் அரிதாயிருந்தது. மிலான் நகரில் குளிர்சாதனப் பெட்டிகளும் ஸ்கூட்டர்களும் செய்துவந்த ஈசோ என்னும் நிறுவனம் 1953-இல் 'இசெட்டா' என்ற முட்டை வடிவக் காரை உருவாக்கிற்று. அதன் முன்பக்கம் முழுவதும் ஒரே கதவு; குளிர்சாதனப் பெட்டியைத் திறப்பது போலத் திறந்து இருவர் உள்ளே சென்று அமரலாம். ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. நிறுவனம் அதன் உரிமையைப் பெற்று 1955 முதல் 1962 வரை ஒன்றரை இலட்சத்துக்கு மேற்பட்ட வண்டிகளைச் செய்து விற்றது. அந்நாட்டிலேயே விமானத் தொழிலில் பெயர்பெற்ற மெஸ்ஸர்ஷ்மிட் நிறுவனமும், ஒருவர்பின் ஒருவராக இருவர் அமரும் மூன்று சக்கர வண்டியை 1953-இல் வெளியிட்டது. 1956-இல் சூயெஸ் கால்வாய் நெருக்கடியால் பெட்ரோல் தட்டுப்பாடு நேர்ந்தபோது இவ்வகை வண்டிகளுக்குத் தேவை மிகுந்தது.

ஆயினும் அந்தச் செல்வாக்கு நீடிக்கவில்லை. 1959-இல் இங்கிலாந்தில் 'மினி' வந்தது. மூன்று மீட்டரைச் சற்றே கடந்த நீளத்துக்குள் நால்வர் அமர இடம் செய்து கொடுத்தார் அதன் வடிவமைப்பாளர் அலெக் இசிகோனிஸ். பெட்ரோல் மறுபடியும் தாராளமாகக் கிடைத்தது, வருமானமும் உயர்ந்தது. இருவர் காரை மக்கள் கைவிட்டனர். தேவை நெருக்கியபோது ஏற்றுக்கொண்ட ஒன்றை வசதி வந்ததும் விலக்கும் இந்த இயல்பை நாம் இவ்வரலாற்றில் மீண்டும் மீண்டும் காண்போம்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1951-ஆம் ஆண்டின் தொழில் வளர்ச்சி, ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி, பெருந்தொழில் எதையும் தொடங்க மத்திய அரசின் உரிமம் வேண்டும். கார்த் தொழிலில் அவ்வுரிமம் பெற்று நின்றவை மூன்று நிறுவனங்களே. கல்கத்தாவுக்கு அருகில் உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் 'அம்பாசிடர்' காரையும், பம்பாயில் பிரீமியர் நிறுவனம் பியட் காரையும், சென்னையில் ஸ்டாண்டர்டு நிறுவனம் 'ஹெரால்டு' காரையும் செய்தன. கார் வேண்டுவோர் முன்பணம் கட்டிப் பதிவு செய்துவிட்டு ஆண்டுக் கணக்கில் காத்திருந்தனர். சாதாரணக் குடும்பத்துக்கு ஏற்ற மலிவான கார் ஒன்று வேண்டும் என்ற பேச்சு 1950-களின் இறுதியிலிருந்தே அரசின் குழுக்களிலும் நாடாளுமன்றத்திலும் நடந்துகொண்டிருந்தது.

பேச்சு தலைநகரில் நடக்க, செயல் சிற்றூர்களில் நடந்தது. மகாராஷ்டிரத்தில் சங்கர்ராவ் குல்கர்னி என்பவர், பொறியியற் பட்டம் ஏதுமின்றி, தம் முயற்சியாலேயே இருவர் அமரும் சிறு கார் ஒன்றை 1949-இல் செய்து முடித்தார். 'மீரா' என்று பெயரிட்டு, அதனைப் பல முறை திருத்தி அமைத்து, இருபது ஆண்டுகளுக்கு மேல் பாடுபட்டார். அது தொழிற்சாலை உற்பத்தியாக மலரவே இல்லை.

நம் திருவனந்தபுரத்திலும் ஒரு கனவு உருவம் பெற்றது. கே. ஏ. பாலகிருஷ்ண மேனன் என்பார் இந்நகரில் அரவிந்த் ஆட்டோமொபைல்ஸ் என்னும் நிறுவனத்தை நடத்திவந்தார். நடுத்தர மக்களின் கைக்கு எட்டும் விலையில் ஒரு கார் செய்ய வேண்டும் என்பது அவர் வேட்கை. 1966-இல் அவருடைய பட்டறையில் 'அரவிந்த்' கார் உருவாகி வெளிவந்தது. கேரளத்தில் பிறந்த கார் என்று மக்கள் அதனைப் பெருமையோடு பார்த்தனர். பெருமளவில் உற்பத்தி செய்ய வேண்டிய உரிமமும் மூலதனமும் கைகூடாமையால் அது விற்பனைக் கூடத்தை எட்டாமலே நின்றுவிட்டது. 1970-இல் ஆண்டுக்கு 50,000 சிறு கார்கள் செய்வதற்கான இசைவுக் கடிதம் சஞ்சய் காந்திக்குக் கிடைத்தது. அவர் தொடங்கிய மாருதி நிறுவனம் அவர் காலத்தில் மக்களுக்குக் கார் தரவில்லை. அரசுடைமையாகி, ஜப்பானின் சுசுகியுடன் கூட்டுச் சேர்ந்த பின்னரே, 1983 டிசம்பரில் 'மாருதி 800' வந்தது.

அரவிந்த் காரைப் பற்றி இன்னொரு செய்தியையும் கருத வேண்டும். அது இருவர்க்குரிய சிறு வண்டியாக இருக்கவில்லை. அதன் தோற்றம் அக்காலத்து அமெரிக்கக் கார்களை நினைவூட்டுவது. மலிவான காரை நாடியவரும் அதனைப் பெரிய கார் போலக் காட்சியளிக்கும்படி செய்ய விரும்பினார் என்றால், அதற்கு அவரைக் குறை கூறுவதற்கில்லை. வாங்குவோரின் மனம் அவருக்குத் தெரிந்திருந்தது. கார் என்பது அன்று போக்குவரத்துக் கருவி மட்டுமன்று. வாசலில் நிற்கும் கௌரவமும் ஆகும்.

அதே பத்தாண்டில் இந்நகரின் வடகோடியில் நடந்த வேறொன்று, கருவியைக் காரியத்தால் அளக்கும் மனப்பான்மைக்குச் சான்றாக நிற்கிறது. 1963 நவம்பர் 21-ஆம் நாள் தும்பாக் கடற்கரையிலிருந்து முதல் ராக்கெட் விண்ணில் எழுந்தது. அங்குப் பணிபுரிந்த விஞ்ஞானிகள் ராக்கெட்டின் உறுப்புகளைச் சைக்கிளின் பின் இருக்கையில் வைத்துத் தள்ளிச் சென்றனர். உலகறிந்த அப்படம் வறுமையைக் காட்டுவதாகச் சிலர் சொல்வர். அந்த உறுப்பின் எடைக்கும் அந்த வழியின் தூரத்துக்கும் சைக்கிள் போதுமானதாக இருந்தது. ஆகவே அதைப் பயன்படுத்தினர். அன்றாட வழிப்பயணத்துக்கு இந்தக் கணக்கை நாம் போட்டுப் பார்ப்பது அரிது.

இருவர் கார் என்னும் கருத்து கேரளத்தில் மறுபடி தலையெடுத்தது 1990-களில். சாலக்குடியில் எம். டி. ஜோஸ் என்பாரின் எடி கரண்ட் நிறுவனம், ஜப்பானின் யாஸ்காவா நிறுவனத்தின் தொழில்நுட்ப உதவியோடு 'லவ்பேர்டு' என்னும் மின்சாரக் காரைப் படைத்தது. அதன் பணியில் கோயம்புத்தூருக்கும் பங்கு இருந்தது என்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. 1993-இல் புதுடில்லி வாகனக் கண்காட்சியில் அதனைக் காட்சிக்கு வைத்தனர். இந்தியாவின் முதல் மின்சாரக் கார் என்று போற்றப்படும் இவ்வண்டியில் இருக்கைகள் இரண்டே. புகையில்லை, இரைச்சல் இல்லை. எனினும் அந்நாளில் கிடைத்த மின்கலம் ஈயமும் அமிலமும் கொண்டது, எடை மிகுந்தது. அச்சுமையோடு செங்குத்தான ஏற்றங்களில் ஏறுவது அவ்வண்டிக்கு எளிதாயிருக்கவில்லை. குன்றும் சரிவுமான கேரளத்துக்கு இது பெருங்குறை. வழியில் மின்னேற்றும் நிலையங்களும் அன்று இல்லை. வண்டிகள் மிகச் சிலவே விற்றன, தொழில் நின்றது.

எட்டாண்டுகள் கழித்து, 2001-இல், பெங்களூரில் 'ரேவா' வந்தது. சேத்தன் மைனி என்னும் பொறியாளரின் உழைப்பால் உருவான இந்த மின்சாரக் காரின் நீளம் ஏறத்தாழ 2.6 மீட்டர். முன்னே இரு பெரியவர் அமரலாம். பின்னே சிறு குழந்தைகளுக்கு மட்டும் சற்று இடம். வீட்டுச் சுவரில் உள்ள மின்செருகியில் இரவு முழுவதும் இணைத்து வைத்தால் மறுநாள் ஏறத்தாழ 80 கிலோமீட்டர் ஓடும் என்பது நிறுவனத்தின் கணக்கு. இந்தியாவில் பெரிதாகப் போற்றப்படாத இவ்வண்டி லண்டனில் 'ஜி-விஸ்' என்ற பெயரில் புகழ் பெற்றது. அந்நகரின் மையப் பகுதிக்குள் கார் ஓட்டிச் செல்வோர் 2003 முதல் நெரிசல் கட்டணம் செலுத்த வேண்டியதாயிற்று. மின்சார வண்டிக்கு அந்நாளில் அக்கட்டணம் இருக்கவில்லை. ஆகவே லண்டன்வாசிகள் பெங்களூர்க் காரை நாடினர். ஒரு சிறு காரை வாழவைக்க அரசின் ஒரு விதி எவ்வளவு உதவும் என்பதற்கு இது நல்ல சான்று.

அதன் குறையையும் மறைக்கலாகாது. ஐரோப்பியச் சட்டத்தில் ரேவா முழுக் காராகக் கருதப்படவில்லை. எடை குறைந்த நாற்சக்கர வண்டி என்னும் தனி வகுப்பில் சேர்ந்தது. அவ்வகுப்புக்குக் காருக்குரிய மோதற் சோதனைகள் கட்டாயமில்லை. 2007-இல் நடத்தப்பட்ட சோதனைகள் அதன் பாதுகாப்பைப் பற்றிக் கவலையை எழுப்பின. லாரிகளும் பஸ்களும் விரையும் பெருவழியில் மெல்லிய சிறு வண்டியில் செல்பவர்க்கு உள்ள அபாயம் மெய்யானது. 2010-இல் மகீந்திரா குழுமம் ரேவா நிறுவனத்தை வாங்கியது. 2013-இல் அது வெளியிட்ட அடுத்த காரில் நான்கு இருக்கைகள் இருந்தன. ஐரோப்பாவில் மினி செய்ததை இங்கே வாரிசே செய்துவிட்டது.

மலிவான சிறு காருக்கு மக்கள் மனத்தில் உள்ள இடம் யாது என்பதை டாட்டாவின் 'நானோ' காட்டிற்று. ஸ்கூட்டரில் மழையில் நனைந்தபடி செல்லும் குடும்பத்துக்காக ரத்தன் டாட்டா எண்ணிய கார் அது. 2009-இல் விற்பனைக்கு வந்தது. அதில் நால்வர் அமரலாம். தொடக்க விலையோ ஏறத்தாழ ஓர் இலட்சம் ரூபாய். ஆயினும் பத்தாண்டு முடிவதற்குள் அதன் உற்பத்தி ஓய்ந்தது. 'மிக மலிவான கார்' என்று விளம்பரம் செய்யப்பட்டதே அதற்குத் தடையாயிற்று என்று ரத்தன் டாட்டாவே பின்னர்க் கூறினார். விலை குறைவு என்பது வாங்குவோர்க்கு நன்மை; ஆனால் விலை குறைந்த காரின் உரிமையாளர் என்று பிறர் சொல்லக் கேட்பது பலருக்கு உவப்பாயில்லை.

ஆக, இவ்வரலாற்றில் சிறு காரின் முன் இரண்டு கதவுகள் மூடியிருந்தன. உரிமம் என்னும் கதவு டில்லியில் இருந்தது. அது மீராவையும் அரவிந்தையும் போன்ற முயற்சிகளுக்கு எளிதில் திறவாதிருந்தது. 1990-களின் தொடக்கத்தில் தொழிற்கொள்கை மாறியபின் அகன்றுவிட்டது. 2018-இல் எடை குறைந்த நாற்சக்கர வண்டிகளைச் சொந்தப் பயன்பாட்டுக்கும் பதிவு செய்ய மத்திய அரசு வழி செய்தது. மின்கலத் தொழில்நுட்பமும் வெகுவாக முன்னேறிவிட்டது. ஈயத்தின் இடத்தை லித்தியம் பிடித்துக்கொண்டது. 2025-இல் புனே நிறுவனம் ஒன்று இரு பெரியவரும் ஒரு குழந்தையும் செல்லத்தக்க, கூரையில் சூரிய ஒளித் தகடு பதித்த 'ஈவா' என்னும் சிறு காரை அறிமுகப்படுத்தியது. நம் மாவட்டத்திலேயே, நெய்யாற்றின்கரைக்கு அருகில் ஆறாலுமூட்டில், 1978-இல் நிறுவப்பட்ட கேரள அரசின் கேரளா ஆட்டோமொபைல்ஸ் நிறுவனம் 2019-இல் மின்சார ஆட்டோவை வெளியிட்டது. செய்யும் திறனுக்கு இன்று குறைவில்லை.

மற்றொரு கதவு நம் வீட்டில் இருக்கிறது. கார் வாங்க எண்ணும்போது நாம் எந்த நாளை மனத்தில் வைத்துக்கொள்கிறோம்? கணக்கிட்டுப் பார்ப்போம். கரமனையிலிருந்து, 1990-இல் டெக்னோபார்க் தோன்றிய கழக்கூட்டம் வரை ஏறத்தாழ 20 கிலோமீட்டர். போய் வர 40. இருபது ஆண்டுகளுக்கு முந்திய ரேவாவே ஒரே மின்னேற்றத்தில் இதனை எளிதாகச் செய்திருக்கும். நாகர்கோவிலுக்கோ ஒரு வழிக்கே ஏறத்தாழ 70 கிலோமீட்டர். அன்றாட வழிக்குப் போதுமான அவ்வண்டி ஊர்த் திருவிழாவுக்குப் போதாது. ஆண்டில் முந்நூறு நாளின் தேவையை ஒதுக்கிவிட்டு, ஐந்தாறு நாளின் தேவைக்காகவே பெரிய காரை வாங்குகிறோம். பின்னர் அதன் மாதத் தவணையை ஆண்டு முழுவதும் கட்டுகிறோம். அது நிற்க இடம் தேடி நாள்தோறும் அலைகிறோம். பிழைப்புக்காக வந்த இடத்தில் சேமிக்கும் பணத்தின் ஒரு பெரும்பகுதி இவ்வாறு கழிகிறது. ஊரில் இருக்கும் பெற்றோர்க்கோ பிள்ளைகளின் படிப்புக்கோ அது பயன்பட்டிருக்கும்.

அந்த ஐந்தாறு நாள்களுக்கு வழி இல்லாமலும் இல்லை. 1979-இல் திருவனந்தபுரத்துக்கும் நாகர்கோவிலுக்கும் கன்னியாகுமரிக்கும் ரயில் பாதை திறக்கப்பட்டது. இரு மாநில அரசுப் பஸ்களும் எல்லை கடந்து ஓடுகின்றன. குடும்பம் முழுவதும் ஒன்றாகச் செல்ல வேண்டுமாயின் வாடகைக்குப் பெரிய வண்டி கிடைக்கிறது. 1956-இல் எல்லைக்கோடு விழுந்தபோது ஊர் போய் வர நம் முன்னோர் நம்பியிருந்தது பஸ்ஸை என்பதையும் எண்ணிப் பார்க்கலாம்.

சிறு கார் எல்லோர்க்கும் ஏற்றது என்று நாம் வாதிடவில்லை. முதியோரையும் நோயாளியையும் அடிக்கடி அழைத்துச் செல்ல வேண்டிய வீட்டுக்கு நான்கு இருக்கை வேண்டும். நெடுஞ்சாலையிலேயே அலுவல் வழி அமைந்தவர்க்குப் பாதுகாப்பு முதன்மை. அவர் மோதற் சோதனையில் தேறிய வண்டியையே நாட வேண்டும். அடுக்கு வீட்டின் மேல்தளத்தில் குடியிருப்பவர் மின்சார வண்டி வாங்குமுன், கீழ்த்தளத்தில் மின்னிணைப்புக்கு இசைவு உண்டா என்று கேட்டறிவது நலம். இடவப்பாதியிலும் துலாவர்ஷத்திலும் கிழக்கே கோட்டையைச் சுற்றித் தண்ணீர் தேங்கும் நாள்களில் தாழ்ந்த சிறு வண்டி இடர்ப்படக்கூடும். ஏற்றங்கள் மிகுந்த வழியானால், வாங்குமுன் அவ்வழியிலேயே இருவரோடு ஓட்டிப் பார்ப்பது அறிவுடைமை.

கணவனும் மனைவியும் அலுவலுக்குச் செல்லும் இல்லத்துக்கு, ஸ்கூட்டருக்குக் கூரை அமைத்தாற் போன்ற சிறு கார் இம்மழை நாட்டில் உண்மையான துணை. பழவங்காடியின் நெருக்கத்திலும் வஞ்சியூரின் குறுகிய தெருக்களிலும் அது நுழையும். பெரிய கார் ஒன்று நிற்கும் இடத்தில் இத்தகையவை இரண்டு நிற்கக்கூடும். மேனனின் பட்டறையிலும் சாலக்குடியிலும் பெங்களூரிலும் முயன்றவர்கள் விட்டுச் சென்ற வேலை இன்று பெரும்பாலும் முடிந்திருக்கிறது. எஞ்சியிருப்பது வாங்குவோர் போட வேண்டிய கணக்கு. அடுத்த முறை கார் வாங்குவது பற்றி வீட்டில் பேச்சு எழும்போது, சென்ற திங்களில் எத்தனை நாள் எத்தனை பேர் எவ்வளவு தூரம் சென்றோம் என்று ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு பேசுவோமாக.